பழைய டிஸ்க் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்: கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்

பழைய டிவிடி, ப்ளூரே வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, வணக்கம்.

மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில், ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவிடலாம். அந்த நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. பல பழைய தமிழ்ப் படங்களை நல்ல பிரதியில், சப்டைட்டிலோடு பார்க்க வேண்டுமென்றால் இன்று உங்கள் கடை அட்டைப்பெட்டியைத்தான் துழாவ வேண்டியிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். "பளபளன்னு இருக்கு சார், நல்லா ஓடும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி எங்களை வாங்க வைக்காதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதும் போதாது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தொடக்கக் காட்சிகள் நடுத்துளைக்குப் பக்கத்தில், யார் விரலும் படாத இடத்தில் இருக்கும். கைரேகை, தேய்மானம், காற்று புகுந்து உலோகப் பூச்சு அரிப்பது எல்லாம் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான். டிஸ்க் நிறைய படம் இருந்தால், ஒற்றை அடுக்கு டிவிடியில் அந்த இடத்தில் கிளைமாக்ஸ் இருக்கும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியில் பெரும்பாலும் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியேயும் இரண்டாவது வெளியிலிருந்து உள்ளேயும் படிக்கப்படுவதால், படத்தின் நடுப்பகுதி அங்கே விழும். லேசர் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் அந்த இடத்தில்தான். படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பதும் அங்கேதான். ஆகவே நடுவில் பத்து நிமிடம், கடைசியில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கணினி இருந்தால் இன்னும் நல்லது: பிழை தேடும் இலவச மென்பொருள்கள் ஒரு டிவிடியைக் கால் மணி நேரம் போல எடுத்து முழுதாகப் படித்துச் சொல்லிவிடும்.

கீறல் இல்லை என்பதையே தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்னர் பிரதர்ஸ் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட டிவிடிகளில் கணிசமானவை, பத்திரமாக வைத்திருந்தும் ஓடாமல் போயின. 2025இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. டிஸ்கை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை போல வெளிச்சம் தெரிகிறதா, ஓரத்தில் கறை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் விற்கவே வேண்டாம்.

பாலிஷ் போடுவது பற்றி ஒன்று. டிவிடியில் தகவல் அடுக்குக்கு மேல் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருப்பதால் லேசாகத் தேய்த்தால் தாங்கும். ப்ளூரேயில் இருப்பது 0.1 மில்லிமீட்டர்தான். அதை மெஷினில் கொடுத்தால் டிஸ்க் போயிற்று. எதற்குப் பாலிஷ் போட்டிருந்தாலும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், பற்பசை வைத்துத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள்.

டிவிடியின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது கணினியில் நகலெடுத்து எழுதப்பட்ட டிஸ்க். அதை ஒரிஜினல் விலைக்குத் தருவது ஏமாற்றுதான், வேறு பெயர் கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி ஒரிஜினல் வீடியோவில் தயாரித்தவர் பெயர், முகவரி, தணிக்கைச் சான்றிதழின் நகல் இருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் முழுதாகச் சோதிக்க நேரம் இருக்காது, சரி. அப்படியென்றால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வையுங்கள்: முழுதாகச் சோதித்தது, பாதி பார்த்தது, பார்க்காதது. சோதித்தது என்று எழுதியது ஓடவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்காததை அப்படியே சொல்லிப் பாதி விலைக்கு வையுங்கள், அதையும் வாங்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்