மலைப் பிள்ளைங்களுக்கு யானை, சிறுத்தை, மண்சரிவுக் கதை வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற சிறுவர் பக்கத்தைப் பத்தித்தான் எழுதுறேன். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, டைனோசர்னு நல்லாத்தான் போடுறீங்க, ஆனா எங்க மூணாறு எஸ்டேட் பிள்ளைங்க வாசல்ல வந்து நிக்கிறது யானை, பொழுது சாஞ்சா தேயிலைக்குள்ள படுத்திருக்கிறது சிறுத்தை, மழைக்காலம் வந்தா பயம் மண்சரிவு, இதைப் பத்தி ஒரு கதைகூட கண்ணுல படல.

பள்ளிக்கூடத்துல விழிப்புணர்வுன்னு ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டுக் காட்டிட்டுப் போயிடுறாங்க. மண்சரிவு வந்தா என்ன செய்யணும்னு பிள்ளைகிட்ட கேட்டா "பாதுகாப்பான இடத்துக்குப் போகணும்"னு ஒரே மூச்சுல ஒப்பிக்குது, அது எந்த இடம்னு கேட்டா முழிக்குது.

நாங்க நாலஞ்சு பொம்பளைங்க சேந்து சாயங்காலம் லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்டுல, பிள்ளைங்களுக்குக் கதை வாசிக்கிறோம். கடகடன்னு வாசிச்சு முடிக்கிறதில்ல, முக்கியமான இடத்துல புக்கை மூடிட்டு "இப்ப நீயா இருந்தா என்ன பண்ணுவ"ன்னு கேப்போம். யானை வழிய மறிச்சு நிக்கிற பக்கத்துல நிறுத்துனா ஒருத்தன் கல்லெறிவேங்கிறான், ஒருத்தன் போட்டோ எடுப்பேங்கிறான், மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு வந்து படத்துல யானைக் காதைத் தொட்டு "ஆட்டாம விரிச்சு வச்சிருக்கு பாருங்கக்கா, இப்படி நின்னா கிட்ட போகக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காரு"ங்குது. உடனே மத்ததெல்லாம் குட்டி எங்க நிக்குதுன்னு படத்துல தேட ஆரம்பிச்சிருச்சுங்க. சிறுத்தைக்கும் அப்படித்தான், ஓடக்கூடாது, குனியக்கூடாது, நிமிந்து நின்னு சத்தம் போட்டுட்டே முதுகைக் காட்டாம பின்னால நகரணும், இதை வாயால சொன்னா மறந்துரும், ஒருத்தன் சிறுத்தையாகி ஒருத்தன் நடந்து போறவனாகி நடிச்சுப் பாத்தா மறக்காது.

மண்சரிவு எங்களுக்குப் பாடம் இல்லைங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி எங்க மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில 70 உசுரு போச்சு, எல்லாம் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்க, கரண்ட் இல்ல போன் இல்ல, விஷயம் வெளிய போகவே விடிஞ்சிருச்சு. 2024 ஜூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையிலயும் எல்லாரும் தூங்குற நேரம்தான். அதனால ஓடைத் தண்ணி திடீர்னு கலங்குறது, மழை கொட்டும்போதே தண்ணி குறையுறது, தரையில புதுசா வெடிப்பு, போஸ்ட்டு சாயுறது, இதெல்லாம் கதையில வரணும், ஓடை வழியா கீழ ஓடாம பக்கவாட்டுல ஒதுங்கி மேடேறணும்னு பிள்ளையே யோசிச்சு சொல்ற மாதிரி கதை அங்க நிக்கணும்.

ரெட் அலர்ட்னா 24 மணி நேரத்துல 204.4 மில்லிமீட்டருக்கு மேல மழைன்னு சொன்னா யாருக்குப் புரியும்? மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கிற டப்பாவை வெளிய வச்சு பிள்ளைங்களை அளக்க சொன்னோம், இதுக்கு 15 சென்டிமீட்டர் ஸ்கேல் பத்தாதுக்கான்னு அவங்களே வந்து சொன்னாங்க.

இந்தோனேசியாவுல சிமெயுலுவேன்னு ஒரு தீவு. 1907ல அங்க சுனாமி வந்து நிறைய பேர் செத்தாங்க, அதைப் பாட்டாவும் கதையாவும் பேரப்பிள்ளைங்களுக்கு சொல்லிட்டே வந்திருக்காங்க, பூமி குலுங்கி கடல் உள்வாங்குனா மலையைப் பாத்து ஓடுன்னு. 2004 சுனாமியில அந்தத் தீவுல இருந்த கிட்டத்தட்ட 78,000 பேர்ல செத்தது 7 பேர்தான். சைரன் எதுவும் கிடையாது, பாட்டி சொன்ன கதைதான்.

அதான் கேக்குறேன், வாரம் ஒரு கதை எங்க ஊர் மிருகத்தையும் மழையையும் வச்சுப் போடுங்க, நடுவுல ரெண்டு மூணு இடத்துல நிறுத்திக் கேள்வி வைங்க, பதிலைத் தலைகீழா அச்சடிக்காதீங்க, பிள்ளைங்க அதைத்தான் முதல்ல பாக்கும். வால்பாறை, கூடலூர், போடிமெட்டுப் பக்கத்து ஆளுங்ககிட்டயும் கேட்டு வாங்குங்க, அவங்ககிட்ட நிறையவே இருக்கும். ஜூன்ல மழை புடிச்சிரும், அதுக்குள்ள நாலு கதையாவது வந்தா நல்லாருக்கும். படத்தை மட்டும் பெருசா போடுங்க ஐயா, ஒரு பேப்பரைச் சுத்தி நிறைய பிள்ளைங்க உக்காருதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மூணாறு