சான்றிதழ் முகாமைப் பிளஸ் ஒன்னிலேயே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்வராயன்மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் ஒன்பது வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே மலைப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் வேண்டும்.

போன மே மாதம் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். மதிப்பெண் பட்டியலை மடங்காமல் பாலித்தீன் பையில் வைத்திருந்தாள். 600-க்கு 487. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். விண்ணப்பத்தைத் திறந்தால் ஓடிபி அவள் அப்பாவின் போனுக்குப் போகிறது. அவர் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது. மேடேறி வந்து அவர் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவளுக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது, மணி நாலரை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மற்ற பிள்ளைகளுக்கு வட்டாட்சியர் அளவிலேயே முடிகிற சாதிச் சான்றைப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, நாளாகும். அவள் கைக்குச் சான்று வந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. ஆசைப்பட்ட தாவரவியல் போய், மிச்சமிருந்த பாடத்தில் சேர்ந்தாள். சேராமலே அப்பாவோடு தோட்டத்துக்குப் போன பிள்ளைகளும் உண்டு.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் இருக்கிறது. இதற்கெல்லாம் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் கல்லூரிக்குள் நுழையவே முதலில் அந்தக் காகிதம் வேண்டுமே!

பிளஸ் ஒன் படிக்கும்போதே பள்ளியில் முகாம் வைத்தால் என்ன? பொங்கலுக்கு அப்பா, அம்மா ஊர் திரும்பியிருப்பார்கள். போனும் வீட்டில் இருக்கும், கையெழுத்துப் போட ஆளும் இருக்கும். விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். வருமானச் சான்றை மட்டும் சேரும்போது புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அதிகாரிகள் தேதி சொன்னால் போதும். மடிக்கணினியையும் ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு நானே மலையேறி வருகிறேன். முகாமில் பதிகிற பிள்ளைகளிடம் என் பங்குக்கு ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு பெண்,
கச்சிராயபாளையம்.