ஆதித் திருச்சபைக்குத் திரும்ப அழைக்கும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களே, சபை மூப்பர்களே,

கர்த்தருடைய நாமத்தில் உங்களுக்கு ஸ்தோத்திரம்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு நெருங்கும்போதெல்லாம் "ஆதிச்சபைக்குத் திரும்புவோம்" என்ற அழைப்பை உங்களிடமிருந்து கேட்கிறோம். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் நான் வளர்ந்த சபை பல ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரிந்தபோது, வெளியேறியவர்களும் ஆதிச்சபையைக் காட்டியே வெளியேறினார்கள், தங்கியவர்களும் அதையே காட்டித் தங்கினார்கள். இரு தரப்பாரும் ஓதியது, விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாக வைத்து வாழ்ந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் 2ஆம் அதிகாரத்தைத்தான். அந்த நாள் தொடங்கி, ஆதிச்சபைகள் உண்மையில் எப்படி வாழ்ந்தன என்று தேடி வாசித்து வருகிறேன். அந்த வாசிப்பு தந்த ஒரு மனக்குறையை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எருசலேமில் விசுவாசிகள் நிலங்களையும் வீடுகளையும் விற்று, கிரயத்தை அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தார்கள் என்று 4ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகின்றன. அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் சப்பீராளும் கிரயத்தில் ஒரு பங்கை ஒளித்துவைக்கிறார்கள். 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவு சரிவரக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. ஒரே ஊரில், ஒரே சபையில், பேசும் மொழியை ஒட்டிப் பந்தியில் வேற்றுமை புகுந்துவிட்டது. என் மனதை மிகவும் தொட்டது அதற்கு அடுத்து நடந்ததுதான். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைக் கலகம் என்று அடக்கவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழுபேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையையே கேட்டார்கள். ஸ்தேவான் முதல் அந்தியோகியா ஊரானாகிய நிக்கொலா வரை அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவர்களிடமே பண்டசாலையின் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்பதே அதற்கு இயல்பான பொருள்.

கொரிந்துவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியிருப்பாக மீண்டும் நிறுவிய அந்தத் துறைமுக நகரத்தில், விடுதலை பெற்ற அடிமைகளும் புதுப் பணக்காரர்களும் உயர்வு தேடி வாழ்ந்தார்கள். அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை நட்ட பவுல், சுமார் கி.பி. 54 அல்லது 55இல் எழுதிய நிருபத்தில், பவுலைச் சேர்ந்தவர், அப்பொல்லோவைச் சேர்ந்தவர், கேபாவை (பேதுருவை)ச் சேர்ந்தவர், கிறிஸ்துவைச் சேர்ந்தவர் என்று அவர்கள் பிரிந்துகிடந்ததையும், சகோதரர்மேல் சகோதரர் வழக்குத் தொடுத்ததையும் கண்டிக்கிறார். எனினும் கர்த்தருடைய இராப்போஜனத்தைப் பற்றி அவர் எழுதும் பகுதியே எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. ஒருவன் பசியோடிருக்க, ஒருவன் குடித்து வெறித்திருந்தான். அக்காலத்து வசதியான வீட்டின் உணவறையில் மூன்று சாய்மஞ்சங்களில் ஏறக்குறைய ஒன்பது பேர்தான் சாய்ந்து உண்ண முடியும். வீட்டுக்காரரின் நண்பர்கள் அங்கே முன்னதாகவே உண்டு முடிக்க, வேலை முடிந்து பிந்தி வந்த கூலிக்காரரும் அடிமைகளும் முற்றத்தில் எஞ்சியதைப் பெற்றிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அது கொள்கை பிறழ்ந்த சபையன்று. ஊரார் விருந்துகளில் உள்ள வழக்கத்தை அப்படியே பந்திக்குக் கொண்டுவந்த சபை.

சுமார் கி.பி. 96இல், கிளமெந்துவின் மடல் என்று அறியப்படும் கடிதத்தில், ரோம சபை அதே கொரிந்துவைக் கண்டித்தது. இம்முறை குற்றம், மாசற்ற மூப்பர்களைப் பதவியிலிருந்து தள்ளியது. நாற்பது ஆண்டுகளில் அந்தச் சபை திருந்தவில்லை என்றுதான் நான் முதலில் எண்ணினேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சுமார் கி.பி. 170இல் கொரிந்துவின் கண்காணியாக (பேராயராக) இருந்த தியோனீசியு, கிளமெந்துவின் மடல் தங்கள் சபையில் கர்த்தருடைய நாளில் இன்னும் வாசிக்கப்படுவதாக எழுதியிருக்கிறார். தங்களைக் கண்டித்த கடிதத்தை அவர்கள் கிழித்தெறியவில்லை. ஏறக்குறைய மூன்று தலைமுறைகளுக்குப் பிறகும் எல்லார் காதிலும் விழ வாசித்தார்கள். பவுலின் நிருபங்களை அவர்கள் மறைத்திருந்தால் அவை நம் கைக்கு வந்திருக்குமா? ஆதிச்சபையின் பெரும்பலம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். இதை நாம் தூரத்துக் கதையாக வாசிக்க முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். பந்தியை விட்டு எழுந்த பேதுருவின் பிழை நம் மண்ணிலும் அப்படியே நடந்தது.

கொடுப்பதில் அவர்கள் நம்மினும் மேலானவர்கள் என்பதை மறுக்கவே முடியாது. கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியச் சபைகள் எருசலேமின் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தன. கி.பி. 251இல் ரோமக் கண்காணி கொர்நேலியு எழுதிய கடிதத்தின்படி, அந்தச் சபை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விதவைகளையும் எளியவர்களையும் ஆதரித்துவந்தது. ஆனால் எருசலேமுக்கென்று சேர்ந்த தர்மப்பணத்தைப் பவுல் எப்படிக் கையாண்டார் என்பதை நாம் அரிதாகவே கேட்கிறோம். ஒருவரும் தம்மேல் குற்றஞ்சாட்ட இடமிராதபடி, சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரரையும் பணத்தோடு அனுப்ப அவர் ஏற்பாடு செய்தார். அப்போஸ்தலரே தம் நேர்மையைச் சபையின் சோதனைக்கு உட்படுத்தினார் என்றால், ஆண்டுக் கணக்கைக் கேட்கும் விசுவாசியைக் கீழ்ப்படியாதவர் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆகையால் உங்களிடம் தாழ்மையாகக் கேட்கிறேன். வருகிற பெந்தெகொஸ்தே ஞாயிறில் 2ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது 6ஆம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். அந்த விதவைகளின் முறுமுறுப்பைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் செய்யுங்கள். ஆராதனை முடிந்ததும், உங்கள் சபையில் யாருடைய பெயர் விசாரிப்புப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்று, வழக்கமாகப் பேசாதவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்
சபை விசுவாசி ஒருவர்