றோசிக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் நாய்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது கடிதங்கள் வருவதுண்டு. பெரும்பாலும் அவை எலும்பும் தோலுமாகத் திரியும் கட்டாக்காலிகளைப் பற்றியோ, வழியில் போவோரைத் துரத்தும் நாய்களைப் பற்றியோ இருக்கும். நான் எழுத வந்திருப்பது இவ்விரண்டிலும் சேராத, அளவுமீறிக் கொழுத்துப்போன, இதுவரை ஒருவரைப் பார்த்தும் உறுமியிராத ஒரு நாயைப் பற்றி. நிரந்தரமான வீடு அமையும்வரை அதனை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள எங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறேன். அதன் எடையைக் குறைக்கும் முயற்சியில் நாயின் பசியைக்கூட ஒருவாறு சமாளித்துவிட்டேன். அயலவர்களின் இரக்கத்தைச் சமாளிக்க முடியாமல்தான் இதனை எழுதுகிறேன்.

றோசி லாப்ரடோர் கலப்பு, ஏழு வயது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதையொட்டிய காலத்தில் வெளிநாடு போன குடும்பங்களில் றோசியை வளர்த்த குடும்பமும் ஒன்று. அவர்கள் அவளை நடமாட்டம் குறைந்த வயதான உறவினர் ஒருவரிடம் விட்டுச் சென்றார்கள். அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை நாய் மட்டுமே. தான் தேநீர் குடித்தபோதெல்லாம் அதற்கும் இரண்டு பிஸ்கட், தான் சாப்பிட்டபோதெல்லாம் அதற்கும் ஒரு பிடி சோறு என்று கொடுத்திருக்கிறார். அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபின், பூட்டிய வாசலில் கட்டப்பட்டுக் கிடந்த நாயை மீட்புத் தொண்டர்கள் அவிழ்த்து வந்தார்கள். 2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது கைவிடப்பட்டு, விசர்நாய்த் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் முதலிடம் தரப்படுவது நல்ல மாற்றமே. ஆனால் வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த நாயைத் திரும்ப எந்தத் தெருவில் விடுவது? தொண்டர்களின் காப்பகத்தில் இடமில்லை. "ஒரு மாதம் மட்டும் வைத்திருங்கள் ரீச்சர்" என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். இப்போது நான்காவது மாதம் நடக்கிறது.

வந்த அன்று மிருக வைத்தியரின் தராசில் அவள் 37 கிலோ இருந்தாள். நாய்களின் உடல்வாகை ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளியிட்டுக் கணிப்பார்கள்; நான்கும் ஐந்தும் நல்ல நிலை, றோசிக்கு எட்டு. வைத்தியர் என் கையைப் பிடித்து அவளுடைய விலாவில் வைத்துக் காட்டினார். புறங்கையைத் தடவும்போது விரலெலும்புகள் எவ்வளவு தட்டுப்படுமோ அவ்வளவுக்கு விலாவெலும்புகள் தட்டுப்பட வேண்டுமாம். என் கைக்குத் தட்டுப்பட்டது பஞ்சுமெத்தைதான். தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் நாய்கள் பருக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்தோம், அதில் குறையில்லை. அவள் இறங்க வேண்டிய எடை 28 கிலோ. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது, பட்டினி போடவே கூடாது என்றும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி போதும் என்றும் சொல்லி, அளவை எழுதித் தந்தார். தோல் நீக்கிய கோழியிறைச்சி, அளந்த சோறு, வயிறு நிறையப் பூசணியும் போஞ்சியும்.

ஒரு மாரி பிஸ்கட்டில் 25 கலோரியளவு உண்டு. எங்கள் ஒழுங்கையில் றோசியைத் தெரியாதவர் இல்லை. காலையில் பால் வாங்கப் போகிறவர் இரண்டு, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துத் தம்பிமார் ஆளுக்கு இரண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மிச்சம் வைத்தது என்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போய்ச் சேர்ந்தால் 300 கலோரி. அது அவளுடைய நாள் உணவில் மூன்றிலொரு பங்குக்கு மேல். ஒவ்வொருவரும் தாம் கொடுத்த இரண்டை மட்டுமே அறிவார். பன்னிரண்டையும் அறிந்தது றோசியும் தராசும்தான். ஒருமுறை மிஞ்சிய கொத்து ரொட்டியை யாரோ வாழையிலையோடு படலைக்குள் தள்ளியிருந்தார்கள். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பதை நம்மில் பலர் அறியோம். நானும் இவள் வரும்வரை அறிந்திருக்கவில்லை.

படலையில் "தயவுசெய்து எனக்கு உணவு தராதீர்கள்" என்று மும்மொழியிலும் எழுதித் தொங்கவிட்டேன். பலன் நேர்மாறாக இருந்தது. வீட்டுக்காரி கஞ்சத்தனத்தில் நாயைக் காயப்போடுகிறாள் என்ற பேச்சு வந்து, மறைவில் கொடுப்பது கூடிற்று. பிறகு பலகையைக் கழற்றிவிட்டு, அவளுடைய பங்கிலிருந்தே எடுத்து அவித்து நறுக்கிய போஞ்சியை ஒரு போத்தலில் போட்டுத் தரிப்பிடத்தில் கொடுத்து வைத்தேன். தம்பிமார் முதலில் சிரித்தார்கள். றோசியோ பிஸ்கட்டுக்கு ஆட்டிய அதே வாலைப் போஞ்சிக்கும் ஆட்டினாள். இப்போது போத்தல் காலியானால் அவர்களே வந்து படலையைத் தட்டுகிறார்கள்.

வாரந்தோறும் வைத்தியரிடம் கொண்டுபோக வண்டிக்கூலி கட்டுப்படியாகாது. எனவே ஞாயிறு காலையில், கடை திறக்குமுன், மொத்த அரிசிக்கடை முதலாளி மூட்டை நிறுக்கும் மேடைத்தராசில் அவளை ஏற்ற அனுமதிக்கிறார். முதல் வாரங்களில் நானும் கடைப் பையனும் பின்புறத்தைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இப்போது தானாக ஏறி, முள் நிற்கும்வரை முதலாளியின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பதினான்கு வாரத்தில் 31.5 கிலோவுக்கு வந்திருக்கிறாள். கொத்து ரொட்டி வந்த வாரம் மட்டும் முள் மேலே போனது. நடையும் அப்படித்தான். கொழுத்த நாய்க்கு வெயில் எளிதில் ஆபத்தாகும் என்பதால் விடியுமுன் மெரைன் டிரைவுக்குக் கூட்டிப்போவேன். முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பத்தடியில் படுத்தவள், இன்று வெள்ளவத்தை ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறாள்.

நன்றாகச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்றிருப்பதுதானே நாய்க்கு அழகு என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் கவனித்து, 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. கூடப்பிறந்த நாய்களுள் 25 சதவீதம் குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்வும் குறைவாக உண்டவற்றுக்குப் பிந்தியே வந்தது. இந்த இனத்தின் பசி வெறும் பேராசையுமல்ல. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடோரின் மரபணுவொன்றில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாகவும், அது பசியோடும் எடையோடும் தொடர்புடையது என்றும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016 இல் கண்டறிந்தார்கள். றோசியிடம் அது உண்டோ இல்லையோ, அவளுடைய கண்களில் தெரியும் பசியை அளவுகோலாக எடுக்கக்கூடாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அவளைப் பார்க்க இதுவரை நான்கு குடும்பங்கள் வந்தன. ஒரு குடும்பம் குட்டியாக இருந்தால் எடுப்போம் என்றது. இன்னொன்றில் வீட்டுத்தலைவர் அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதற்குத் தீனி போட்டுக் கட்டுமோ?" என்று கேட்டார். அவள் உண்பது அந்த உருவத்துக்குரிய நாய் உண்பதைவிடக் குறைவு என்று கணக்குக் காட்டியும் அவர் நம்பவில்லை. வளர்ந்த நாய் பெரும்பாலும் வீட்டில் அசுத்தம் செய்யாது, செருப்பைக் கடிக்காது, அதன் உருவமும் குணமும் எப்படி அமையுமோ என்று ஊகிக்க வேண்டியதில்லை. பொறுப்பாக வளர்க்க நினைப்பவர்கள் குட்டியைத்தான் தேட வேண்டும் என்பதில்லை.

தற்காலிகப் பராமரிப்புக்கு வீடு கொடுப்போர் நம் தமிழ்க் குடும்பங்களிடையே குறைவு என்று தொண்டர்கள் வருந்துகிறார்கள். பிரிய நேருமே என்ற அச்சந்தான் காரணமென்றால் அது எனக்கும் உண்டு. வளவு தேவையில்லை, எங்களிடமும் இல்லை. மருந்துச் செலவைத் தொண்டர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். நம்மிடம் கேட்பது ஒரு மூலையும் சில மாதங்களும் மட்டுமே.

றோசியைத் தத்தெடுக்க விரும்புவோருக்காக என் தொலைபேசி இலக்கத்தைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். விடியற்காலை நடைக்கே வந்து பார்ப்பது நல்லது. அவளுடைய உண்மையான சுபாவம் அப்போதுதான் தெரியும். வருபவர்கள் தயவுசெய்து பிஸ்கட் கொண்டுவர வேண்டாம். போஞ்சி எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.