வாசலுக்கு எண் போட வேண்டாம்: நம் தெருச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், நம் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போவதாக வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டு, வீட்டு எண்ணை எழுதி, அந்த இடம் அந்த வீட்டுக்கே என்று ஒதுக்கிவிடுவதாம். பார்க்கிங் சண்டை இதோடு ஓயட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் கொண்டுவருகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்தத் தீர்மானம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். கூட்டத்திலேயே பேசலாம்தான். ஆனால் போன இரண்டு முறையும் இந்தப் பேச்சை எடுத்ததுமே குரல்கள் உயர்ந்துவிட்டன. யாரும் யாரையும் பேசி முடிக்க விடவில்லை.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு டப்பா இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இருபது லிட்டர் பெயின்ட் டப்பா. அதில் சிமெண்டைக் கொட்டி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, குழாயின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார் எதிர்வீட்டு அண்ணன். கார் வெளியே போனதும் டப்பா ரோட்டுக்கு வரும், கார் திரும்பியதும் சுவரோரம் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோடு என்ன இவர் அப்பன் வீட்டுச் சொத்தா என்று வீட்டுக்குள் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் வேலையிலிருந்து வருகிறேன். தெருவில் எங்கும் இடமில்லை. இறங்கிப் போய் அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். நல்ல கனம். தார் ரோட்டில் கறகறவென்று இழுபட்டு ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைத் தடம் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. நான் கண்டுகொள்ளாமல் காரை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு: ‘இது உங்கள் இடமா?’ அதே சீட்டின் பின்பக்கத்தில் ‘உங்கள் இடமா?’ என்று எழுதி அவர் வீட்டு கேட்டில் செருகிவிட்டு வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது. எட்டு மாதம். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தெருவில் ஒன்றாக நடந்து போவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

காரணம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டு வருகிறவருக்கு, காரிலிருந்து இறங்கிப் பத்து அடி நடப்பதற்குள் தலை சுற்றிவிடும். தெருமுனையில் இறக்கி நடத்திக் கூட்டிவரும் நிலையே இல்லை. வீட்டு நோயை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாமே என்று அவர்கள் வெளியே சொல்லவில்லை. நானும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்தில் என் கார் ஒருநாளும் நின்றிருக்காது.

அப்படியென்றால் எண் போட்டுவிடுவதுதானே சரி என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான், நாம் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று பட்டது. என் வாசலை யாரும் அடைக்கக் கூடாது என்பது ஒன்று. என் வாசலுக்கு முன்னால் உள்ள ரோடு என்னுடையது என்பது வேறொன்று. முதலாவது முழு நியாயம். சாலைப் போக்குவரத்து பற்றி 1968-ல் வியன்னாவில் பல நாடுகள் சேர்ந்து செய்த உடன்படிக்கையிலேயே அது இருக்கிறது: வீட்டுக்குள் வண்டி போகும் வாயிலுக்கு முன் வண்டியை நிறுத்தக் கூடாது, முறையாக நிற்கும் இன்னொரு வண்டி வெளியேற முடியாதபடியும் நிறுத்தக் கூடாது. கேட்டை மறித்துக் காரை விட்டுவிட்டு ஃபோனை எடுக்காதவரிடம் நாம் கோபப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு கார் நின்றால், அது யார் கார் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பொதுத் தெரு உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பங்கு போட்டுக் கொடுக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது.

அதிகாரத்தை விடுங்கள், நியாயத்தையே பார்ப்போம். நம் தெருவில் சில வீடுகளின் முகப்பு நாற்பது அடி. சில வீடுகளுக்கு இருபது அடிகூட முழுசாக இல்லை, அதிலும் கேட்டுக்குப் பத்தடி போய்விடும். எண் போட்டால் பெரிய மனைக்காரருக்கு இரண்டு இடம், சின்ன மனைக்காரருக்கு ஒன்றும் தேறாது. அப்புறம், மூன்று மாடியில் மூன்று குடும்பம் இருக்கும் வீடுகளை என்ன செய்வீர்கள்? முகப்பு ஒன்று, கார் மூன்று. கீழே வீட்டுக்காரர் இருந்தால் இடம் அவருக்குத்தான் போகும். மாடியில் வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார்? போன கூட்டங்களுக்கு வாடகைக்கு இருப்பவர்களில் ஒருவரைக்கூட அழைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களும் இந்தத் தெருக்காரர்கள்தான். இன்னொன்றும் இருக்கிறது. பகலில் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு ஊசி போட வரும் நர்ஸ், குழாய் பழுதுபார்க்க வருகிறவர், பிள்ளைகளைப் பார்க்க வரும் தாத்தா பாட்டி, இவர்களெல்லாம் வண்டியை எந்த எண்ணில் நிறுத்துவார்கள்? எண் எழுதிய இடம் வெறுமனே கிடக்கும், ஆனால் அதில் நிறுத்தினால் சண்டை வரும்.

இடத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் பனி கொட்டும் காலத்தில், காரைச் சுற்றிக் குவிந்த பனியை மணிக்கணக்காக வெட்டி எடுத்தவர், அந்த இடத்தில் ஒரு நாற்காலியையோ கூடையையோ வைத்துவிட்டுப் போவார். அந்த நகர நிர்வாகமே பனிக்கால அவசரநிலை முடிந்ததிலிருந்து 48 மணி நேரம் வரை அதைப் பொறுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அள்ளிக்கொண்டு போய்விடும். உழைத்தவருக்கு ஒரு மரியாதை, அதற்கும் ஒரு கெடு. நம் தெருக் கற்களுக்கும் பூந்தொட்டிகளுக்கும் கெடுவே கிடையாது, மழையிலும் வெயிலிலும் வருஷம் முழுக்கக் கிடக்கின்றன.

சரி, இடம் உண்மையிலேயே பற்றவில்லையா? இதைத் தெரிந்துகொள்ள ஐந்து இரவுகள், பத்தரை மணிக்கு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். ரோட்டில் நின்ற கார்களை எண்ணினேன். பிறகு கேட் கம்பிகளின் வழியாக உள்ளேயும் பார்த்தேன், மன்னியுங்கள். கார் நிறுத்தவென்றே கட்டிய போர்டிகோ உள்ள வீடுகள் 19. அவற்றில் 11 போர்டிகோக்களில் கார் இல்லை. உடைந்த கட்டில், ஓடாத வாஷிங் மெஷின், பிள்ளைகள் வளர்ந்த பிறகு யாரும் தொடாத சைக்கிள், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகள். ஒரு வீட்டில் ஊஞ்சல். சில போர்டிகோக்களில் ஒன்றுமே இல்லை, கேட்டைத் திறந்து மூட அலுப்பு, அவ்வளவுதான். அந்த 11 கார்களும் உள்ளே போனால், இரவில் இடம் தேடித் தெருவைச் சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். ஐந்து நாளும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நமக்குத் தட்டுப்பாடு ரோட்டில் இல்லை, போர்டிகோவில் இருக்கிறது.

ஜப்பானில் இதற்குச் சட்டமே உண்டு. 1962-ல் கொண்டுவந்தார்கள். கார் நிறுத்த வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ரோட்டுக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கினால்தான் அங்கே சாதாரணமாக ஒரு காரைப் பதிவு செய்ய முடியும். சிறிய ரகக் கார்களுக்குச் சில பகுதிகளில் தளர்வு உண்டு. இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் ரோட்டில் காரை விட்டு வைப்பதும் அங்கே குற்றம். அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. சங்கத்துக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஆனால் போர்டிகோ இருப்பவர்கள் இரவில் காரை உள்ளே விடுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வைக்கலாமே. கோடு போட வைத்திருக்கும் பெயின்ட் பணத்தில், ஒருநாள் ஒரு வண்டியைப் பிடித்து எல்லோர் வீட்டுப் பழைய சாமான்களையும் ஏற்றி அனுப்பலாம். என் வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். மேலே சொன்ன டைல்ஸ் பெட்டிகள் என்னுடையவை.

இனி நான் உண்மையாகவே பயப்படும் விஷயம். தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்தேன். சுவருக்குச் சுவர் 6 மீட்டர் 10 சென்டிமீட்டர். ஒரு கார் சுமார் 1.8 மீட்டர் அகலம், சுவரிலிருந்து விடும் இடைவெளியையும் சேர்த்தால் 2 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2 மீட்டர் சொச்சம். தீயணைப்பு வண்டியே ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம். அது உள்ளே வராது. வந்தாலும் கதவைத் திறந்து ஏணியை இறக்க இடம் வேண்டாமா? இங்கிலாந்தின் கட்டடத் தீப்பாதுகாப்பு வழிகாட்டி, தீயணைப்பு வண்டி வரும் பாதை குறைந்தது 3.7 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் நமக்கு 4 மீட்டர் கிடைக்கும். நீங்கள் போடப்போகும் எண்களோ இரண்டு பக்கமும் வருகின்றன. சண்டை வேண்டாம் என்று கோடு போட்டு, அந்தக் கோட்டாலேயே தெருவை அடைத்துவிடப் போகிறோம்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் எந்தப் பக்கம் என்று அடுத்த சண்டை வரும், தெரியும். பிரான்சில் இதற்கு எளிமையான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த முறை உள்ள தெருக்களில், மாதத்தின் முதல் 15 நாள் ஒற்றைப்படை எண் வீடுகள் உள்ள பக்கம், 16 முதல் மாதக் கடைசி வரை இரட்டைப்படைப் பக்கம். மாறும் நாளில் இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே எல்லோரும் வண்டியை மாற்றிவிட வேண்டும். சுமை இருபக்கமும் சமமாக விழுகிறது. நமக்கும் ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம்தானே. இரண்டு மாதம் நமக்குள் செய்து பார்ப்போம். ஒத்துவந்தால் முறைப்படி பலகை வைக்கச் சொல்லி உள்ளாட்சிக்கு மனு கொடுப்போம். தெருமுனைகளையும் காலியாக விட வேண்டும். பிரிட்டனின் சாலை விதிநூல் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தாதே என்கிறது. நம் முனையில் திரும்பும்போது எதிரே வரும் சைக்கிள் கண்ணுக்கே தெரிவதில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு மட்டும் வாசலோரம் ஓர் இடத்தை நாமே பேசி விட்டுவைக்கலாம். என்ன நோய் என்று யாரும் விளக்கக்கூட வேண்டாம். சங்கச் செயலாளரிடம் மட்டும் சொன்னால் போதும், அவர் மற்றவர்களிடம் ‘அந்த வாசலை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லட்டும்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டியின் கண்ணாடிக்குள்ளும் ஒரு ஃபோன் நம்பர் இருக்கட்டும், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுங்கள். அடுத்தது, தப்பாக நின்ற காரை நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்துக் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். போன மாதம் அப்படி ஒரு படம் வந்தது. கீழே அறுபது செய்திகள். அந்தக் கார்க்காரரை ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. மறுநாள் காலை அவர் கார் டயர் இரண்டில் காற்று இல்லை. கவனிக்காமல் எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காற்றைப் பிடுங்கியவர் நம்மில் ஒருவர்தான். யார் என்று நான் தேடவில்லை. நானும் ஒருநாள் டப்பாவைத் தள்ளியவன், அந்தக் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு வாசலில் இப்போது அந்த டப்பா இல்லை. செவ்வாய், வியாழன், சனி மாலையில் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் அந்த இடத்தில் வண்டி விடுவதில்லை. மறந்துபோய் யாராவது விட்டிருந்தால் அண்ணன் ஃபோன் செய்வார், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவோம். ரோட்டில் அந்த வெள்ளைத் தடம் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

ஞாயிறு கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை இரவு பத்தரைக்கு, அநேகமாக எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். நிர்வாகிகள் அரை மணி நேரம் ஒதுக்கி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என்னோடு நடந்து வாருங்கள். டேப்பும் நோட்டும் நான் கொண்டுவருகிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும், எதிர்வீட்டு அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்