அய்யன் மணியை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்? வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

வாசகர் வட்டத் தலைவர் சேர் அவர்களுக்கும், செயற்குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், டீச்சர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

மனு ஜோசப் எழுதிய 'சீரியஸ் மென்' என்ற ஆங்கில நாவலை அடுத்த கூட்டத்தில் தமிழில் அறிமுகம் செய்யச் சொல்லி என்னிடம் கேட்டது நீங்கள்தான். பிறகு வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டு, வேண்டாம் என்று முடித்ததும் நீங்கள்தான். "கதை இந்தியாவைப் பற்றியது, மலையகத்தில் சாதியெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டது, போனதைக் கிளற வேண்டாம். அதோடு பல்கலைக்கழகத்திலிருந்து விருந்தினர் வருகிற கூட்டத்தில் பேராசிரியர்களைக் கேலி செய்யும் புத்தகம் சரிவராது" என்று எழுதியிருந்தீர்கள். (வெளியார் யாராவது வாசித்தால்: மலையகம் என்பது இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதி, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்கள் நாம்.) தனியாகப் பேசியிருந்தால் தனியாகவே பதில் சொல்லியிருப்பேன். முடிவு எல்லோருக்கும் போய்விட்டது, பதிலும் எல்லோருக்கும் போகட்டும்.

முதலில் நாவலைப் பற்றி, வாசிக்காதவர்களுக்காக. 2010-இல் வந்தது. அந்த ஆண்டே 'தி இந்து' பத்திரிகையின் புனைகதைப் பரிசு கிடைத்தது. 2020-இல் நவாசுதீன் சித்திக்கி நடித்து நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்தது. நம் பிள்ளைகளில் பலர் படத்தைப் பார்த்தாயிற்று, நாம்தான் புத்தகத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

கதை மும்பையில் நடக்கிறது. அய்யன் மணி ஒரு தலித். வொர்லியில் பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், ஒற்றை அறையில், மனைவி ஓஜாவோடும் மகன் ஆதியோடும் இருக்கிறார். நம் லயத்துக் காம்பிராவை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையை, நாலைந்து மாடிக்கு அடுக்கி வைத்தால் எப்படியோ அப்படி ஒரு இடம். வேலை ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில், இயக்குநர் அரவிந்த் ஆச்சார்யாவுக்கு உதவியாளராக. அங்கே விஞ்ஞானிகள் அநேகமாக எல்லோரும் பிராமணர்கள். ஆச்சார்யா வானத்துக்குப் பலூன் அனுப்பி விண்வெளியிலிருந்து விழும் நுண்ணுயிர்களைப் பிடிக்கத் துடிக்கிறார். எதிரணி, வேற்றுக்கிரகத்தாரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்கிறது. இந்தச் சண்டை தோட்டத்துக் கோயில் கமிட்டிச் சண்டை மாதிரியே நடக்கிறது: கோபித்துக்கொண்டு எழுந்து போவது, இரவில் கூடிப் பேசுவது, யார் கையெழுத்து முதலில் வரவேண்டும் என்பது. அய்யன் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. தினமும் காலையில் கரும்பலகையில் 'இன்றைய சிந்தனை' எழுத வேண்டும். இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். ஆரம்பத்தில் உண்மையான மேற்கோள். கொஞ்ச நாள் போனதும் பிராமணர்களைக் குத்துகிற மாதிரி வாசகங்களைத் தானே இட்டுக்கட்டி, அடியில் யாராவது உலகப் புகழ்பெற்றவரின் பெயரைப் போட்டுவிடுகிறார். விஞ்ஞானிகள் நின்று வாசிக்கிறார்கள், முகம் சுளிக்கிறார்கள், ஆனால் ஒருத்தராலும் வாய் திறக்க முடியவில்லை. பெரிய ஆளின் பெயர் போட்டிருக்கிறதே! உண்மையைத் தேடுவதே தொழிலாக வைத்திருக்கும் கூட்டம் ஒரு பெயரைப் பார்த்ததும் அடங்கிப்போகிறது. கல்விச் சூழலைப் பற்றி இதைவிடக் கச்சிதமான கிண்டலை நான் வாசித்ததில்லை. நம் கூட்டங்களில் "பேராசிரியர் சொல்லியிருக்கிறார்" என்றதும் கேள்வி நேரம் முடிந்துபோவது உங்களுக்கும் தெரியும்தானே.

அப்புறம், காதில் கருவி மாட்டிய மகன் ஆதியை மேதை என்று ஊரை நம்பவைக்கும் கதை. பள்ளிக்கூடம் நம்புகிறது, பத்திரிகை நம்புகிறது, அரசியல்வாதி ஓடிவருகிறார். இதற்கு நாம் மும்பைவரை போக வேண்டியதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த வாரம் நம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். பனரில் பிள்ளையின் முகம் தபால் முத்திரை அளவில் இருக்கும். பக்கத்தில் அரசியல்வாதி இடுப்புவரை கும்பிட்டபடி நிற்பார். எல்லாவற்றையும்விடக் கொட்டை எழுத்தில் டியூசன் வகுப்பின் போன் நம்பர். வெட்டுப்புள்ளியில் ஒரு புள்ளி குறைந்த பிள்ளை அந்த பனருக்குக் கீழேதான் மூன்று மணி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். இதை அழுதுகொண்டு எழுதலாம். சிரித்துக்கொண்டு எழுதினால் அரசியல்வாதியும் டியூசன்காரரும் பெற்றோரும் நானும், எல்லோரும் மாட்டுவோம். நானும் டியூசன் கொடுப்பவன்தான்.

சரி, மலையகத்தில் சாதி போய்விட்டது என்ற விஷயத்துக்கு வருவோம். போன கூட்டத்தில் தேநீர் குடிக்கும்போது, புதிதாக வந்த ஒரு தம்பியிடம் நம் வட்டத்து மூத்த உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

தம்பி சொன்னான்.

"மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?"

அதையும் சொன்னான்.

"அங்க பெரிய கங்காணி இன்னாருதானே? நீங்க அவரு பக்கமா, இல்ல மத்த லயமா?"

தம்பி கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் போன் பேசினான். யாரும் கூப்பிடவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதே உறுப்பினர்தான் மறுநாள் குழுவில் "நம்மிடையே சாதி இல்லை" என்பதற்கு முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கியவர்.

அந்தக் கேள்வி சாதியைத்தான் கேட்கிறது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தபோது உறவையும் சாதியையும் பார்த்தே கூட்டிவந்தார்கள். பெரிய கங்காணிகளில் பலர் தங்களை மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். லயங்களும் பல இடங்களில் அப்படித்தான் பிரிக்கப்பட்டன. பிறகு தொழிற்சங்கம் வந்து எல்லோரையும் தொழிலாளி என்று ஒரே வரிசையில் நிறுத்தியது. அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து 2023-இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரே சமூகமாக நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் மணமக்கள் தேவை பக்கத்தைத் திறந்தால் அந்த ஒரே சமூகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கிறது: 'இந்து உயர்குல, பட்டதாரி ஆசிரியை, அரச உத்தியோக மணமகன் தேவை.' தோட்டத்தைவிட்டு வெளியேறி ஆசிரியர், அதிகாரி, விரிவுரையாளர் என்று ஆன நம்மைப் போன்றவர்களின் விளம்பரம்தான் அது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கும் அண்ணன் காசு கொடுத்து விளம்பரம் போடுவதில்லை.

இன்னொன்று. இந்திய இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வட்டத்திலேயே சிலர் "தகுதி போயிடும் சேர்" என்கிறார்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பல பாடநெறிகளுக்கு, தீவளாவிய திறமைக்கு 40 சதவீதம்தான். 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில். மேலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் நம் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவும் ஒன்று. அந்தக் கோட்டாவில் உள்ளே போன எத்தனை பேர் நம் மேடையில் ஏறித் தகுதியைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறார்கள்! நுவரெலியாவுக்கு நியாயமாகத் தெரிவது வொர்லிக்கு அநியாயமாகத் தெரிவது எப்படி? இந்த ஒரு கேள்வியை வைத்தே நம்மில் ஒருவர் முழு நகைச்சுவை நாவல் எழுதலாம்.

நம் ஆட்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களைப் பாருங்கள், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் படும் பாட்டை. தோட்டத்தை நடத்திய ஒவ்வொரு தொரைக்கும் அவருக்குத் தெரியாமல் ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கும். நம் சிரிப்பு எப்போதும் மேலே இருப்பவனை நோக்கியே போனது. இப்போது மேலே நாம் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் சிரிப்பு திடீரென்று மரியாதைக் குறைவாகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சாதியை கே. டானியல் நாவல் நாவலாக எழுதினார், நாம் மேடையில் மேற்கோள் காட்டுகிறோம், ஏனென்றால் அது யாழ்ப்பாணம். சோகக்கதை வாசிக்கும்போது எல்லோருமே பாதிக்கப்பட்டவன் பக்கம் போய் நின்றுகொள்ளலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அய்யன் மணி கதையில் அப்படி நிற்க இடமே இல்லை. அவரும் ஏமாற்றுகிறார், ஏமாறுகிறவர்களும் ஏமாற்றுக்காரர்கள்.

இந்த நாவலைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் வரவில்லை. ஒடுக்கப்பட்டவன் முன்னேறினால் அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கும் என்று ஏற்கெனவே நினைப்பவர்களுக்கு இந்தக் கதை தீனி போடுகிறது. அய்யன் தந்திரம் செய்து மேலே வரப் பார்க்கிறார், படித்து மேலே வரப் பார்க்கும் தலித் ஒருவரைக்கூட ஆசிரியர் நமக்கு நெருக்கமாகக் காட்டவில்லை. ஒபர்ணா என்ற பெண் விஞ்ஞானியை எழுதிய விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆச்சார்யாவோடு உறவு முறிந்ததும் பழிவாங்கக் கிளம்பும் பெண் என்பது பழைய சினிமாச் சாமான். இதையெல்லாம் கூட்டத்தில் பேசத்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். நம் டீச்சர்மார் என்னைவிடக் கூர்மையாகப் பேசுவார்கள்.

இடையில் ஒன்று. அய்யன் மணி தன்னை பௌத்தர் என்பவர். மகன் படிக்கும் பள்ளியின் அதிபர் கன்னியாஸ்திரி அவரைக் கிறிஸ்தவராக்கப் பார்ப்பது நாவலில் தனி வேடிக்கை. நம் நாட்டில் பௌத்தம் என்றதும் மனதில் வருவது வேறு. ஆனால் பின்னாளில் இந்தியாவில் தலித்துகளைப் பௌத்தத்துக்கு அழைத்துச் சென்ற அம்பேத்கர் 1950-இல் உலக பௌத்தர் மாநாட்டுக்காகக் கண்டிக்கு வந்தார். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நம் தாத்தா பாட்டிமார் குடியுரிமை இல்லாமல் நின்ற காலம் அது. அவர் வந்து போன கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்த வருகையைப் பற்றி யாருக்காவது தெரிந்திருந்ததா என்று நம் ஆய்வாளர்கள் யாராவது தேடினால் நன்றாக இருக்கும். இந்தியப் பிரச்சினை என்று தள்ளிவைப்பதற்கு முன் அதையும் யோசியுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்தை மறுபடி நிரலில் போடுங்கள். பல்கலைக்கழக விருந்தினர் வருகிற நாளிலேயே போடுங்கள், அவரையே தலைமை தாங்கச் சொல்லுங்கள். சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தம்பிக்கு அழைப்பை நானே நேரில் போய்க் கொடுக்கிறேன். ஞாயிறு காலை என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பஸ் வசதி இருக்கும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. இப்போது அதை என் உயர்தர மாணவி ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் திருப்பித் தந்ததும் தலைவர் சேருக்குத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பின்வரிசை உறுப்பினன்