மொட்டை மலையடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஃபோர்-த-ஃபிரான்ஸ், மார்த்தினிக்
மார்ச் 12

அன்புள்ள நடேசா,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம். வேறு எது சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். பேசாமல் போய்ச் செய்துகொள். மழை போகட்டும், பொங்கல் போகட்டும் என்று இரண்டு வருஷமாக இழுத்தடிக்கிறாய். கமலாவும் வசந்தா தங்கச்சியிடம் போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சௌக்கியம். வந்த அன்று ஒரு பெட்டி வந்து சேரவில்லை. அதில்தான் என் துணி எல்லாம். நான்கு நாள் மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றுப் பக்கம் பட்டன் மாட்டாமல் திரிந்தேன். கமலா இங்கே சந்தையில் சீமைப்பலாவைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து தினம் அதில்தான் பொரியல். இந்த ஊர்க்காரர்கள் அதை வேகவைத்து உப்புக் கருவாட்டோடு சாப்பிடுகிறார்கள். நீயாக இருந்தால் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கியிருப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, 1902இல் எரிமலை வெடித்து அழிந்துபோன சேன் பியேருக்குப் போய் வந்தோம். ஞாபகம் இருக்கிறதா, பத்தாம் வகுப்பில் நம் பிரெஞ்சு வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, "ஒரே நிமிஷம், முப்பதாயிரம் பேர், பிழைத்தவன் ஒரே ஒருத்தன், அதுவும் ஜெயில் கைதி!" என்று. அதே ஊர். வாத்தியார் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். லெயோன் கொம்பேர்-லெயாந்த்ர் என்று செருப்புத் தைக்கிற ஒருவரும் உடம்பெல்லாம் வெந்துபோய், ஆனால் உயிரோடு தப்பியிருக்கிறார். துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலும் சிலர் பிழைத்தார்கள். கைதிக்குத்தான் பேர் கிடைத்தது.

ஃபோர்-த-ஃபிரான்ஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை, நடுவே வளைந்து வளைந்து போகிற சாலை. கார்பே தாண்டியதும் விரிகுடா தெரிகிறது. அதன் பின்னால் பெலே மலை. பெலே என்றால் மொட்டை. உயரம் 1,397 மீட்டர். நாங்கள் போனபோது உச்சியில் மேகம் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு நின்றது. பார்த்தால் சாது மாதிரிதான் இருக்கிறது. அடிவாரம் முழுக்கக் கரும்பு, வாழை. மணல் மட்டும் கறுப்பு. வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

1635இல் பியேர் பெலென் தெஸ்னாம்புக் என்பவர் வந்து இறங்கி உண்டாக்கிய ஊர். சர்க்கரையும் ரம்மும் இங்கிருந்துதான் கப்பலேறின. தலைநகரம் வேறு இடத்தில் இருந்தாலும் பணம் இங்கேதான் இருந்தது. அண்டிலீஸின், அதாவது இந்தக் கரீபியத் தீவுகளின், பாரிஸ் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். குதிரை இழுக்கிற டிராம், தாவரவியல் தோட்டம், நாடகசாலை எல்லாம் இருந்தன. அந்த நாடகசாலைக்கு ஏறும் இரட்டைப் படிக்கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே ஏறினால் கூரை இல்லை, மேடை இல்லை, சுவர்க் குட்டைகளுக்கு நடுவே புல். 1786இல் கட்டியது. பிரான்சில் பொர்தோ நகரத்தில் இருக்கும் பெரிய நாடகசாலையின் சாயலில் கட்டினார்களாம். அடிமைகளை வாங்கி விற்ற பணத்தில்தான் இந்தப் படிக்கட்டெல்லாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1848 மே மாதம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது இந்தத் தெருக்களில்தான். பாரிஸிலிருந்து விடுதலை ஆணை வந்து சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நாடகசாலையின் மேலே நின்று எட்டிப் பார்த்தால் கீழே வாத்தியாரின் கைதி இருந்த கொட்டடி. கைதியின் பெயர் சிபாரிஸ். இறங்கிப் போய் உள்ளே நின்று பார்த்தேன். முழுக்கக் கல். கனத்த சுவர், வளைந்த கூரை. வாசலுக்கு மேலே கம்பி போட்ட சின்னத் திறப்பு, அவ்வளவுதான் காற்றுக்கு. அதுவும் மலையைப் பார்த்து இல்லை. இரண்டு கையையும் விரித்தால் சுவரைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. அந்தத் திறப்பு வழியாக வந்த அனலிலேயே அவருக்கு முதுகும் காலும் வெந்துவிட்டன. மூன்று நாள் கழித்து, இடிபாட்டுக்குள் யாரோ முனகுவது கேட்டுத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அப்புறம் அவரை அமெரிக்காவில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் சேர்த்து, அதே மாதிரி ஒரு கொட்டடி செட் போட்டு உட்காரவைத்து, ஊர் ஊராகக் காட்டினார்கள். தப்பித்த கொட்டடிக்குள்ளேயே தினமும் இரண்டு காட்சி போய் உட்கார வேண்டும் என்றால், அதை என்னவென்று சொல்வது?

நடந்தது இதுதான். 1902 ஏப்ரல் கடைசியிலிருந்தே மலை புகைய ஆரம்பித்துவிட்டது. தெருவில் சாம்பல், காற்றில் கந்தக நாற்றம், குதிரைகள் மூச்சு முட்டி விழுந்தன. மலையிலிருந்து பாம்புகள் இறங்கி வந்தன. மே 5ஆம் தேதி கொதிக்கும் சேறு ஆற்று வழியாக இறங்கி, கடலோரம் இருந்த கெரேன் சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை. அதற்கு மாறாகச் சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் பாதுகாப்பு என்று சேன் பியேருக்குள்ளே வந்துவிட்டது. பத்திரிகை பயப்பட ஒன்றுமில்லை என்கிற தோரணையில் எழுதியது. மே 11ஆம் தேதி தேர்தலின் இரண்டாம் சுற்று வேறு. கவர்னர் மூத்தே, ஜனங்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து ஊரில் தங்கினார். இருவரும் அங்கேயே முடிந்தார்கள். கவர்னரை வில்லனாக்கிப் பேசுவது சுலபம். ஆபத்து இல்லை என்று அவரே நம்பியிருக்காவிட்டால் பெண்டாட்டியைக் கூட்டி வந்திருப்பாரா, நீயே சொல்.

ஒரு இத்தாலியக் கப்பல் கேப்டன் மட்டும் சரக்கைப் பாதி ஏற்றிய நிலையிலேயே நங்கூரத்தை எடுத்துவிட்டாராம். அவர் வெசூவியஸ் எரிமலையைப் பார்த்து வளர்ந்த நேப்பிள்ஸ் பக்கத்து ஆள். அபராதம், ஜெயில் என்று துறைமுக அதிகாரிகள் மிரட்டியும் நிற்கவில்லை என்பார்கள்.

மே 8, வியாழக்கிழமை, இயேசு விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணி சுமாருக்கு மலையின் பக்கம் பிளந்தது. நெருப்புக் குழம்பு வழிந்து வந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இல்லை. இந்த மலையின் குழம்பு கெட்டியானது, வாயிலேயே அடைத்துக்கொள்ளும். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். கோலி சோடாவில் கோலியை அழுத்தினால் புஸ்ஸென்று சீறுமே, அது மேலே போகாமல் பக்கவாட்டில் சீறினால் எப்படி இருக்கும்? பல நூறு டிகிரிச் சூட்டில் சாம்பலும் கல்லும் வாயுவும் கலந்த மேகம், காற்றில் எழும்பாமல் தரையோடு தரையாக உருண்டு வந்தது. எரிமலை வாயின் விளிம்பில் ஊரைப் பார்த்த பக்கமாக ஒரு வெட்டு இருந்தது. வேறு பக்கம் இருந்திருந்தால் கதையே வேறு. ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 28,000 பேர் சுமார். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின. ராடம் என்ற கப்பல் ஒன்றுதான் பற்றி எரிந்துகொண்டே தப்பி ஓடியது. ரொரைமா இன்னும் அடியில் கிடக்கிறது. முக்குளிக்கிற ஆட்கள் காற்றுச் சிலிண்டரோடு படகில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஃபிராங்க் பெரே என்ற அமெரிக்க எரிமலை ஆராய்ச்சியாளர் 1933இல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று கடலைப் பார்த்து இருக்கிறது. இப்போது புதுப்பித்திருக்கிறார்கள். நடுவில் தேவாலயத்து மணி. நம் வீட்டில் அடுப்பில் மறந்துவிட்ட ஈய டம்ளர் பார்த்திருக்கிறாயா? அந்த மாதிரி ஒரு பக்கம் குழைந்து உட்கார்ந்திருக்கிறது. ஆணிகள் ஒரு கட்டியாகப் பிடித்திருக்கின்றன. கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சுவரில் இறந்தவர்களின் பெயர்கள், ஏழாயிரத்துக்கு மேல். மீதிப் பேருக்குப் பெயரே கிடைக்கவில்லை. நான் வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டு போனேன். என்ன தேடினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எழுத்து மங்க ஆரம்பித்தது. கமலா கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

ஏனென்றால் நடேசா, நம் ஆட்கள் முதன்முதலில் இந்தத் தீவில் கால் வைத்தது இந்தக் கரையில்தான். ஒரேலி என்ற கப்பல், 1853 மே 6. முந்நூறு பேருக்கு மேல். அடிமைகள் போனதும் கரும்புக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் துறையிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் சுமார் 25,000 பேர். திரும்பி வந்தவர்கள் பாதிகூட இல்லை. நம் ஊர்க் கடற்கரையில் நின்று நாம் எத்தனை தடவை கப்பல் பார்த்திருப்போம்! இந்த விஷயத்தை ஒரு வாத்தியாரும் நமக்குச் சொல்லவில்லை. கைதி கதை சொன்னவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

வடக்கே பாஸ்-புவாந்த் பக்கம் அவர்கள் கட்டிய கோயில்கள் இருக்கின்றன. மாரியம்மன் அங்கே மரியேமென், மதுரை வீரன் மால்தெவிலென். கிடா வெட்டு உண்டு. பூசாரி அருள் வந்து அரிவாள் மேல் ஏறி நிற்பாராம். பாஷை போய்விட்டது, சாமி போகவில்லை. அடுத்த மாதம் மகனுக்கு லீவு கிடைத்தால் போகலாம் என்றிருக்கிறோம். குழம்பும் போகவில்லை. இங்கே எந்த ஓட்டலுக்குப் போனாலும் 'கொலம்போ' என்று ஒன்று இருக்கும், கோழியிலோ ஆட்டிலோ. குழம்புதான் கொலம்போ ஆயிற்று என்கிறார்கள். மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் வாசனையில் தெரிகிறது. புளி இல்லை, காரமும் போதாது. கமலா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நம்ம குழம்பு வெளிநாட்டுக்குப் போய் ரொம்ப நாள் ஆச்சு போலிருக்கு" என்றாள்.

சாப்பிட்டு முடித்து மீன்கடைப் பக்கம் நடந்தோம். ஒரு நடுவயசுக்காரர் படகோரமாகச் சூரை மீன் அறுத்துக்கொண்டிருந்தார். ஈரம் காயாத கறுப்பு மணலில் ரத்தம் தெரியவே இல்லை. நான் என் பள்ளிக்கூட பிரெஞ்சில், மலையைக் காட்டி, பயமில்லையா என்று கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமல், எனக்குப் பயமெல்லாம் ஃபோர்-த-ஃபிரான்ஸ் டிராஃபிக்கைப் பார்த்துத்தான் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 1902 ஆகஸ்ட் 30ஆம் தேதி மலை மறுபடி சீறி மோர்ன்-ரூஜ் பக்கம் ஆயிரம் பேருக்கு மேல் கொன்றது. 1929இல் இன்னொரு தடவை விழித்து மூன்று வருஷம் குமுறியது. 2020 டிசம்பரில் மஞ்சள் எச்சரிக்கை விட்டார்கள். ஊரோ 1923இல் மறுபடி தனி நகராட்சி ஆகி, நாலாயிரம் பேர் சொச்சத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய சுவரின் மேலேயே புதுச்சுவர் எழுப்பி வீடு கட்டியிருக்கிறார்கள். அடியில் கறுத்த கல், மேலே மஞ்சள் பெயின்ட், ஜன்னலில் துணி காய்கிறது. குடும்பமே ஊரோடு போய், பிரான்சில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பித்த விக்தோர் தெபாஸ் என்ற பிள்ளை, திரும்பி வந்து 1917இல் அதே மலைச்சரிவில் ரம் ஆலை வைத்தார். ஆலை இன்றும் ஓடுகிறது.

அந்த மீன்காரர் பதில் சொன்னபோது நீதான் என் முன்னால் நின்றாய். சுனாமிக்கு அப்புறம் ஊருக்குள்ளே உனக்கு வீடு கொடுத்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதைப் பூட்டிவிட்டுப் பழையபடி கடற்கரைத் தெருவுக்கே வந்துவிட்டாய். நான் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்னென்ன பேசினேன்! படித்தவன் செய்கிற காரியமா, பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வலையைக் காயப்போட்டாய். இரண்டு வருஷம் நான் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் சொன்னது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. மறுபடி அலை வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. ஆனால் அதை உன் திண்ணையில் உட்கார்ந்து, வசந்தா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, அந்தக் குரலில் நான் கேட்டிருக்கக் கூடாது.

திரும்பும்போது மோந்த்-ஓ-சியேல் தெரு என்று ஒன்றில் ஏறிப் பார்த்தோம். வானத்துக்கு ஏறும் தெரு என்று அர்த்தம். செங்குத்தான கல் பாவிய சந்து, நடுவே சாக்கடைக் கால்வாய். பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன். நீ வந்திருந்தால் கீழேயே உட்கார்ந்து மீன்காரரோடு பேசிக்கொண்டிருந்திருப்பாய். பாஷை தெரியாவிட்டாலும் நீங்கள் இருவரும் வலைக் கண்ணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள்.

கொலம்போ பொடி ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் என்னென்ன இருக்கிறது என்று தங்கச்சி மூக்காலேயே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று கமலா பந்தயம் கட்டியிருக்கிறாள். மே கடைசியில் வந்துவிடுவோம். ஆபரேஷன் தேதி மாறினால் உடனே மகன் நம்பருக்கு ஒரு மெசேஜ் போடு. மாறக் கூடாது. பேரன் எந்த காலேஜில் சேர்ந்தான் என்று நீ எழுதவே இல்லை, அதையும் எழுது.

அன்புடன்,
கோவிந்தன்